குறைந்த விலைக்கு யார் பொறுப்பு?

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் பாதுகாப்பு எங்கே தீர்மானிக்கப்படுகிறது? சுரங்க வாயிலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையிலா, மேலாளரின் அறையிலா, தன்பாதில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் கோப்புகளிலா? இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்படும் நாளிலேயே அது பெருமளவு தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. இந்தியச் சுரங்கத் துறை பேசத் தயங்கும் உண்மை இது.

1975-ல் கோல் இந்தியா நிறுவனம் உருவானபோது அதன் ஆண்டு உற்பத்தி சுமார் 7.9 கோடி டன். அப்போது அதன் ஊழியர் எண்ணிக்கை 6 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2024-25 நிதியாண்டில் அதே நிறுவனம் 78 கோடி டன்னுக்கும் அதிகமாக நிலக்கரி எடுத்தது. நிரந்தர ஊழியர்களோ ஏறத்தாழ 2.2 லட்சம் பேர்தான். உற்பத்தி பத்து மடங்காக உயர, ஊழியர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. நிலத்தடிச் சுரங்கங்கள் குறைந்து திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகியதும், ராட்சத இயந்திரங்கள் வந்ததும் இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், வேலையில் பெரும்பகுதி ஒப்பந்ததாரர்களின் கைக்கு மாறிவிட்டது என்பது.

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரியைத் தொடுவதற்கு முன்னால், அதன்மீது படிந்து கிடக்கும் மண்ணையும் பாறையையும் அகற்றியாக வேண்டும். கோல் இந்தியாவின் சுரங்கங்களில் ஆண்டுதோறும் இவ்வாறு அகற்றப்படும் மேல்மண்ணின் அளவு ஏறத்தாழ 200 கோடி கன மீட்டர். இந்தப் பணியில் பெரும்பகுதியையும், நிலக்கரியை லாரிகளில் ஏற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கும் பணியையும் இன்று செய்பவர்கள் தனியார் ஒப்பந்ததாரர்களும் அவர்களுடைய தொழிலாளர்களும்தான். ஆகவே, பொதுத்துறைச் சுரங்கம் என்று பெயர்ப்பலகை சொன்னாலும், அங்கே நாள்தோறும் நடக்கும் வேலையை ஆளுவது கொள்முதல் பிரிவு கையெழுத்திடும் ஒப்பந்தமே.

நிலக்கரிச் சுரங்கங்கள் எதற்காக நாட்டுடைமை ஆக்கப்பட்டன என்பதை இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1972-ல் எஃகு ஆலைகளுக்கான நிலக்கரியை எடுக்கும் சுரங்கங்களும், 1973-ல் ஏனைய சுரங்கங்களும் அரசுடைமை ஆயின. விஞ்ஞானபூர்வமற்ற முறையில் சுரங்கம் தோண்டுவது, தொழிலாளர் பாதுகாப்பைப் புறக்கணிப்பது, மிகக் குறைந்த கூலி கொடுப்பது ஆகியவை தனியார் முதலாளிகள்மீது அன்று சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள். இடைத்தரகர்கள் மூலம் கூலிக்கு ஆள் பிடிக்கும் பழைய வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அந்த முடிவின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

அந்த நோக்கத்தின் தொடர்ச்சியாகவே, 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1975-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. 1988-ல் திருத்தப்பட்ட அந்த அறிவிக்கை, நிலக்கரி எடுத்தல், ஏற்றி இறக்குதல், மேல்மண் அகற்றுதல் போன்ற பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்துவதைச் சில விலக்குகளுடன் தடை செய்தது. ஆனால், காலப்போக்கில் ஆள்களை அமர்த்தும் ஒப்பந்தத்துக்குப் பதிலாக இயந்திரங்களை வாடகைக்கு அமர்த்தும் ஒப்பந்தங்கள் வந்தன. வாடகைக்கு எடுக்கப்படுவது மண் அள்ளும் இயந்திரமும் டிப்பர் லாரியும் என்றால், அவற்றை இயக்கும் மனிதர்கள் கணக்கில் வராமலே போனார்கள். தடை ஏட்டில் இருந்தது; மேல்மண்ணை ஒப்பந்ததாரர்கள் அகற்றிக்கொண்டிருந்தனர்.

இதன் விளைவை நாடு முழுவதும் உணர்ந்த நாள் 2016 டிசம்பர் 29. ஜார்க்கண்ட் மாநிலம் கோடா மாவட்டத்தில், கோல் இந்தியாவின் துணை நிறுவனமான ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸுக்குச் சொந்தமான ராஜ்மஹல் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து, தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் பணியாளர்கள் 23 பேர் இயந்திரங்களுடன் புதைந்து மடிந்தனர். சரிந்த மண்ணின் அளவு சுமார் 95 லட்சம் கன மீட்டர் என்பது அப்போதைய அதிகாரபூர்வ மதிப்பீடு. ஃபராக்கா, கஹல்காவ் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி வழங்கும் முக்கியமான சுரங்கம் அது. சரிவுக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், இறந்தவர்களின் பட்டியல் வேறொன்றையும் சொன்னது. சுரங்கம் அரசு நிறுவனத்துடையது, நிலக்கரி அரசு மின் நிலையத்துக்குப் போகிறது, மிக ஆபத்தான இடத்தில் நின்றவர்கள் மட்டும் இரண்டு நிறுவனங்களிலும் ஊழியர்கள் அல்லர்.

ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்துவதே குற்றம் என்று வாதிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. மின்சாரத் தேவை ஏறிக்கொண்டே போகும் ஒரு நாட்டில், நிரந்தர ஊழியர்களை மட்டும் கொண்டு இந்த அளவு உற்பத்தியை எட்டியிருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. உலகின் பெரிய சுரங்க நிறுவனங்கள் எல்லாமே ஒப்பந்ததாரர்களைக் கொண்டு வேலை வாங்குகின்றன. எனவே, அவர்களை எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கிறோம், தேர்ந்தெடுத்த பிறகு எப்படி நடத்துகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்திய அரசுக் கொள்முதலின் அளவுகோல் நெடுங்காலமாக ஒன்றே ஒன்றுதான்: மிகக் குறைந்த விலை. அதிகார வட்டாரத்தில் 'எல்-1' என்று அழைக்கப்படும் அந்த முதலிடத்தைப் பிடித்தவருக்கே வேலை. தகுதிச் சான்றுகள் சரிபார்க்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால், தகுதி பெற்ற அனைவரும் சமமானவர்களாகக் கருதப்படுகிறார்கள். விபத்தே இல்லாமல் பத்தாண்டு வேலை செய்தவருக்கும், ஆண்டுக்கொரு விபத்தைச் சந்தித்தவருக்கும் இடையே விலையைத் தவிர வேறு வேறுபாடு பார்க்கப்படுவதில்லை. போதாக்குறைக்கு, விலையை மேலும் கீழே இறக்க இணையவழித் தலைகீழ் ஏலமும் நடத்தப்படுகிறது.

ஒரு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற இவ்வளவு ரூபாய் என்று விலை கோரும் ஒப்பந்ததாரரின் கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் டீசல் செலவு இருக்கிறது. அதை அவரால் குறைக்க முடியாது. இயந்திரங்கள் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை இருக்கிறது. வங்கி அதில் சலுகை தராது. எஞ்சியிருப்பவை நான்கு: தொழிலாளியின் ஊதியம், அவர் வேலை செய்யும் மணிநேரம், அவருக்குத் தரப்படும் பயிற்சி, இயந்திரத்தின் பராமரிப்பு. நிறுவனமே போட்ட மதிப்பீட்டைவிட வெகுவாகக் குறைத்து விலை கோரும் ஒருவர், அந்தக் குறைவை இந்த நான்கிலிருந்துதான் எடுக்க முடியும். பிரேக் பழுதான டிப்பர், தொடர்ந்து இரண்டு பணிமுறை பார்த்துக் கண் சொக்கும் ஓட்டுநர், பயிற்சிச் சான்றிதழ் காகிதத்தில் மட்டும் உள்ள உதவியாளர் என்று பின்னர் வெளிப்படுவதெல்லாம் அந்த விலைக்குள் முன்பே அடங்கியிருப்பவை.

ஊதியத்தைப் பொறுத்தவரை கோல் இந்தியா ஒரு நல்ல முன்னுதாரணத்தை ஏற்படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். உயர்நிலைக் குழு ஒன்றின் பரிந்துரைப்படி, 2013 ஜனவரி முதல் அதன் சுரங்கப் பணிகளில் ஈடுபடும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் கூடுதல் ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. இருந்தும், வங்கிக் கணக்கில் முழுத் தொகையைப் போட்டுவிட்டு அதில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்பப் பெறும் ஒப்பந்ததாரர்கள் உண்டு என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாளையப் புகார். ஊதியத்தைக் காகிதத்தில் உயர்த்திவிட்டு, அந்த ஊதியத்தைக் கொடுத்தால் கட்டுப்படியாகாத விலைக்கு வேலையை ஒப்படைத்தால், இத்தகைய முறைகேடு நடக்காமலிருந்தால்தான் வியப்பு.

இத்தனை குறைகள் தெரிந்திருந்தும் குறைந்த விலையையே அதிகாரிகள் பற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அக்கறையின்மை மட்டுமல்ல, அச்சமும்தான். குறைந்த விலை கோரியவரை விட்டுவிட்டு அடுத்தவரைத் தேர்ந்தெடுத்த அதிகாரி, தணிக்கைத் துறைக்கும் ஊழல் கண்காணிப்புப் பிரிவுக்கும் பல ஆண்டுகள் விளக்கம் அளிக்க நேரலாம். குறைந்த விலைக்குக் கொடுத்த ஒப்பந்தம் விபத்தில் முடிந்தால், அதற்காக ஒப்பந்தப்புள்ளிக் குழுவை யாரும் விசாரிப்பதில்லை. விலை குறித்த முடிவுக்குத் தண்டனை உண்டு, பாதுகாப்பு குறித்த முடிவுக்கு இல்லை என்ற நிலையில், எந்த அதிகாரியும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குறைந்த விலை என்ற அளவுகோல், குறைந்த விலையையாவது உறுதி செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம், நிலக்கரியையும் மணலையும் ஏற்றிச் செல்லக் கோரிய நான்கு ஒப்பந்தப்புள்ளிகளில் போக்குவரத்து நிறுவனங்கள் ஒரே மாதிரியான விலையைக் கோரியிருந்தன. அவை கூடிப் பேசி விலை வைத்தன என்று முடிவு செய்த இந்தியப் போட்டி ஆணையம், 2017-ல் 10 நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. அதற்கு முன்பு, கோல் இந்தியா நடத்திய வெடிமருந்துக் கொள்முதலுக்கான தலைகீழ் ஏலத்தை உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்து புறக்கணித்தது குறித்த வழக்கிலும் 2012-ல் அதே ஆணையம் அபராதம் விதித்தது. விலையை மட்டுமே பார்க்கும் முறையை வளைப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசினால் போதும். இந்த இரண்டு வழக்குகளிலும் புகார் கொடுத்தவை நிலக்கரி நிறுவனங்களே என்பது பாராட்டத்தக்கது. விழிப்புடன் இருந்தால் கொள்முதல் பிரிவால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் அவை சான்று.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டம், சுரங்கத்தில் வேலை செய்யும் ஒப்பந்ததாரரும் உரிமையாளரைப் போலவே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றது. அதே வரியில், அதனால் உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது என்றும் சொன்னது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்றது 1970-ம் ஆண்டுச் சட்டம். வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம், பொறுப்பை ஒப்பந்தத்துக்கு விட முடியாது என்பதே இந்தச் சட்டங்களின் சாரம்.

ஆயினும், அந்தச் சாரத்தை நிலைநாட்டத் தொழிலாளி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது? ஒடிசாவில் மகாநதி கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தில் நிலக்கரி கையாளும் இடத்திலும் ரயில் ஏற்றுமிடத்திலும் வேலை செய்த 32 ஒப்பந்தத் தொழிலாளர்களில் 19 பேரை நிர்வாகம் நிரந்தரமாக்கியது. 13 பேரை விட்டுவிட்டது. இரு பிரிவினரின் வேலையும் ஒரே தன்மையது என்று 2002-ல் தொழில் தீர்ப்பாயம் கூறியது. அதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2024 மார்ச் மாதத்தில். வெறும் 13 பேருக்கான நியாயம் உறுதியாக 22 ஆண்டுகள்! சங்கத்தின் துணையுடன் போராடியவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் வேலையும் மாறும் தொழிலாளியின் கதி என்ன?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பிரச்சினையை மேலும் கூர்மையாக்கியிருக்கின்றன. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொடர்பான தொகுப்பில் பழைய சுரங்கச் சட்டமும் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் இணைக்கப்பட்டுவிட்டன. ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்தக் கூடாது என்கிறது புதிய தொகுப்பு. வரவேற்கத்தக்க விதிதான். ஆனால், வழக்கமாகவே ஒப்பந்ததாரர் மூலம் செய்யப்படும் பணியாக இருந்தால் அதற்கு விலக்கு உண்டு என்றும் சொல்கிறது. பழைய தடையை மீறியே வழக்கமாகிப்போன ஒரு நடைமுறை, இனி அந்த வழக்கத்தையே காரணம் காட்டி விலக்குப் பெறுமானால் அதைவிட விபரீதம் வேறில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கையும் 20-லிருந்து 50-ஆக உயர்த்தப்பட்டுள்ளது. சிறு சிறு துணை ஒப்பந்தங்களாக வேலையைப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு இது வசதியாகிவிடக் கூடாது.

அடுத்த கட்டம் இன்னும் பெரியது. சுரங்கத்தை உருவாக்குவது முதல் இயக்குவது வரை முழுப் பணியையும் ஒரே தனியார் நிறுவனத்திடம் 25 ஆண்டுகளுக்கு, அல்லது சுரங்கத்தின் ஆயுள் அதைவிடக் குறைவென்றால் அதுவரைக்கும், ஒப்படைக்கும் முறையைக் கோல் இந்தியா விரிவுபடுத்தி வருகிறது. தமிழகத்தின் நெய்வேலியைத் தலைமையகமாகக் கொண்ட என்எல்சி இந்தியா நிறுவனமும் ஒடிசாவில் உள்ள தனது தலபிரா நிலக்கரிச் சுரங்கத்தை இதே முறையில்தான் நடத்துகிறது. ஓராண்டு ஒப்பந்தத்தில் செய்த தவறை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். கால் நூற்றாண்டு ஒப்பந்தத்தில் முதல் நாளில் எழுதாமல் விட்ட ஒரு நிபந்தனை, ஒரு தலைமுறைத் தொழிலாளர்களைப் பாதிக்கும்.

ஒப்பந்ததாரர்களைப் போலவே கவனிக்கப்பட வேண்டிய இன்னொரு தரப்பினர், உதிரிபாகங்களும் பாதுகாப்புக் கருவிகளும் வழங்கும் சிறு உற்பத்தியாளர்கள். பொதுத்துறைக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. பணம் தாமதமானால் சிறு நிறுவனம் நிறுவனத்தின்மீது வழக்குப் போடாது. அடுத்த முறை விலையை ஏற்றும், அல்லது தரத்தைக் குறைக்கும். தாமதத்தின் செலவும் இறுதியில் சுரங்கத்தின் அடியில் நிற்பவர் தலையில்தான் விழுகிறது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. முதலாவதாக, பாதுகாப்புச் செலவைப் போட்டியிலிருந்து விலக்க வேண்டும். பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புக் கருவிகள், சரிவுகளின் உறுதியைக் கண்காணித்தல் ஆகியவற்றுக்கான தொகையை நிறுவனமே நிர்ணயித்து, ஒப்பந்தத்தில் தனித் தலைப்பில் காட்டி, செய்த வேலைக்கு மட்டும் வழங்க வேண்டும். அதில் விலை குறைக்க யாருக்கும் இடம் இருக்கக் கூடாது. நிர்ணயிக்கப்பட்ட ஊதியத்தைக்கூட ஈடுகட்டாத விலையைக் கோருபவர் அதற்கான கணக்கைக் காட்ட வேண்டும். காட்ட இயலாவிட்டால் நிராகரிக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, கடந்தகாலப் பாதுகாப்புச் சாதனைக்கு மதிப்பெண் வேண்டும். மத்திய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுறுத்தல்கள், தரத்துக்கு முக்கியத்துவம் உள்ள பணிகளில் விலை சாராத அம்சங்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தர இடமளித்துள்ளன. அதிகாரியின் அச்சத்துக்கு இதுவே கவசம். ஆபத்து மிகுந்த சுரங்கப் பணியைவிடத் தரத்துக்கு முக்கியத்துவம் உள்ள பணி வேறு எது?

மூன்றாவதாக, ஒரு துணை நிறுவனத்தில் விபத்துக்குக் காரணமான ஒப்பந்ததாரர் அடுத்த மாவட்டத்தில், வேறொரு துணை நிறுவனத்தில், புதிய பெயரில் வேலை பெறுவதைத் தடுக்க, அனைத்துச் சுரங்க நிறுவனங்களுக்கும் பொதுவான செயல்பாட்டுப் பதிவேடு தேவை. அது மக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். நான்காவதாக, தொழிலாளியின் கணக்கில் ஊதியமும், வருங்கால வைப்பு நிதியும் செலுத்தப்பட்டதைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்ததாரரின் பட்டியலுக்குப் பணம் வழங்க வேண்டும். ஊதியம் திரும்பப் பறிக்கப்படுவதைத் தெரிவிக்க, ஒப்பந்ததாரரைச் சாராத ஒரு முறையீட்டு வழி இருக்க வேண்டும். ஐந்தாவதாக, உயிரிழப்பு விபத்து ஒவ்வொன்றின் விசாரணையும் ஒப்பந்தப்புள்ளிக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும். எந்த விலைக்கு, எந்த மதிப்பீட்டின்பேரில், யாருடைய பரிந்துரையில் அந்த வேலை கொடுக்கப்பட்டது என்று கேட்கும் நாளில்தான், விலைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை நிர்வாகம் உணரும்.

இதனால் நிலக்கரியின் விலை சற்று உயரலாம், மின்கட்டணத்தில் அது எதிரொலிக்கலாம் என்று சொல்லப்படும். உயரட்டும். இன்றும் அந்தச் செலவு இல்லாமல் இல்லை. மின்கட்டண ரசீதில் வராத அந்தத் தொகையை, ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் உள்ள ஏழைக் குடும்பங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன. 2024-25-ல் நாட்டின் மொத்த நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியதைச் சாதனையாகக் கொண்டாடிய அரசு, அந்தச் சாதனையைத் தோண்டி எடுத்தவர்களின் பெயர்கள் எந்த வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாட்டுடைமை என்பது நிலக்கரிக்கு மட்டும் உரிய தகுதியாக இருக்க முடியாது. அதை எடுக்கும் தொழிலாளியின் உயிரும் நாட்டின் உடைமைதான். அதற்கு எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் குறைந்த விலை கோர இடமளிக்கக் கூடாது!